பருத்திப்பாலும் ஒரு கட்டமும்: தேவிபட்டினத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ராமநாதபுரம் கடற்கரையில் இருக்கும் தேவிபட்டினத்தின் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மாலை நான்கரை மணிக்கு ஒரு தள்ளுவண்டி வந்து நிற்கும். பித்தளைக் குண்டானில் பருத்திப்பால், பருத்திக்கொட்டையை அரைத்துப் பிழிந்து காய்ச்சியது. கடலுக்குள் நிற்கும் நவக்கிரகக் கற்களான நவபாஷாணத்தில் முழுகிவிட்டு ஈரத் துணியோடு நடுங்குகிற வெளியூர்க்காரர்கள், கடலுக்குப் போய்விட்டு வந்து தொண்டை கட்டியவர்கள், பரிகாரம் முடித்துப் பேருந்துக்குக் காத்திருக்கும் குடும்பங்கள் என்று ஏழு மணிக்குள் குண்டான் காலியாகிவிடும். விற்பவரை ஊரே அப்பத்தா என்றுதான் கூப்பிடுகிறது. நானும் அப்படித்தான்.

சிறுதொழில் செய்கிறவர்களுக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு, லேபிள், ஆய்வக அறிக்கை ஆகியவற்றை எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. கருவாடு, கருப்பட்டி, முண்டு மிளகாய்ப் பொடி என்று இந்தக் கடற்கரையில் பாதிப் பொட்டலங்களின் பின்பக்க எழுத்து என் கைவழியாகப் போனதுதான். அதனால்தான் அப்பத்தாவின் மருமகள் ஒரு நாள் நான்கு பக்கத் தாளோடு என்னிடம் வந்தார். அவர் மகளிர் குழு ஒன்றில் இருக்கிறார். மாமியாரின் கைப்பக்குவத்தைப் பொடியாக்கி விற்கலாம் என்பது அவருடைய யோசனை. பாலெடுத்து, பச்சரிசி மாவோடு காய்ச்சி, தட்டில் ஊற்றி உலர்த்தி, கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் சேர்த்து அரைத்தால் பொடி. வெந்நீரில் கரைத்தால் பால். ஊர்க் கடைகளில் ஓரளவு போய்க்கொண்டிருந்தது. கீழக்கரையில் ஒரு பாய், வெளிநாட்டில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், குடித்துப் பார்த்துவிட்டு, முதலில் ஐம்பது கிலோ அனுப்பச் சொன்னார். கூடவே அந்த நாட்டு இறக்குமதியாளர் கேட்கும் படிவத்தையும் கொடுத்தனுப்பினார்.

மூன்றாம் பக்கத்தில், பால் பொருள் உண்டா, நிலக்கடலை உண்டா என்ற கேள்விகளுக்குக் கீழே ஒரு கட்டம் இருந்தது. மரபணு மாற்றிய மூலப்பொருள் உண்டா, இல்லையா என்பதை ஒரே சொல்லில் எழுதிக் கையொப்பம் இட வேண்டும்.

"இல்லைன்னு எழுதிரவா தம்பி? நம்ம நாட்டுல மரபணு மாத்துன சாப்பாட்டுப் பொருளே கிடையாதுன்னு டிவியில சொன்னாங்களே."

டிவியில் சொன்னது பொய்யில்லை. உணவுக்கென்று பயிரிட அனுமதி பெற்று வயலில் விளையும் மரபணு மாற்றுப் பயிர் எதுவும் இந்தியாவில் இல்லை. பி.டி. என்றால் புழுவைக் கொல்லும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை உள்ளே வைத்தது. 2009 அக்டோபரில் பி.டி. கத்தரிக்காய்க்கு மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டியது. 2010 பிப்ரவரி 9ஆம் தேதி அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்தி வைத்தார். இன்றுவரை அது நின்றபடியே இருக்கிறது. கடுகு 2022இல் குழுவின் ஒப்புதலைத் தாண்டி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2024 ஜூலையில் இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாகத் தீர்ப்பெழுதினார்கள். ஆக உணவுப் பயிர் என்ற தலைப்பின் கீழ் தேடினால் ஒன்றும் அகப்படாது. பருத்தி அந்தத் தலைப்பின் கீழ் இல்லை. அது துணிப் பயிர். 2002 மார்ச்சில் அனுமதி வாங்கி வயலுக்கு வந்த முதல் மரபணு மாற்றுப் பயிரும் இன்றுவரை அப்படி வந்த ஒரே பயிரும் அதுதான். நாட்டில் விளையும் பருத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அதுவே.

டெல்லியில் அதைத் துணி என்று கோப்பில் எழுதினார்கள். பரமக்குடியிலும் மதுரையிலும் தேவிபட்டினத்திலும் அதன் கொட்டையை ஊறவைத்து அரைத்துக் குடிக்கிறோம். இந்த விவகாரத்தின் முடிச்சு முழுவதும் இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் கிடக்கிறது. நான் அதை அவிழ்க்கப் போய் ஏழு மாதம் ஆயிற்று.

கொட்டை வந்த வழி

முதலில் கொட்டை எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். அப்பத்தாவுக்கு மூன்று வழி. ராமநாதபுரத்துப் பலசரக்குக் கடையில் மாட்டுத்தீவனமாக விற்கும் மூட்டை ஒன்று. பஞ்சிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் விருதுநகர்ப் பக்கத்து ஜின்னிங் மில்லிலிருந்து லாரிக்காரர் ஒருவர் கொண்டுவந்து போடுவது இன்னொன்று. மூன்றாவது, கமுதிக்கு மேற்கே கரிசலில் அவருடைய தம்பி வீட்டார் வைக்கும் பருத்தி. தம்பி வீட்டுக் கொட்டைதான் நல்ல கொட்டை, பால் கெட்டியாக வரும் என்பது அவர் கணிப்பு.

தம்பி மகனிடம் போனில் கேட்டேன். "கம்பெனி விதைதாண்ணே. வருசா வருசம் பாக்கெட்டுதான் வாங்குறோம். சொந்த விதை போட்டா புழு விட்டு வைக்காது." பாக்கெட்டின் படத்தை அனுப்பினார். 450 கிராம், கலப்பின விதை, இரண்டு பி.டி. மரபணுக்கள். கூடவே முன்பெல்லாம் 120 கிராமில் ஒரு சின்னப் பொட்டலம் வரும். பி.டி. இல்லாத அடைக்கல விதை. வயலைச் சுற்றி அதையும் விதைத்தால் புழுக்களுக்கு எதிர்ப்புத்திறன் வர நாளாகும் என்பது கணக்கு. அதை யாரும் விதைத்ததில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நாடு முழுக்க நடந்த கதைதான் இது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் பி.டி. புரதத்துக்கு அசராது என்பது குஜராத்தில் 2010இல் ஊர்ஜிதமானது. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் இரண்டு புரதத்தையும் அது செரித்துவிட்டது.

சொல்லிவிட்டால் போதுமா, கண்ணால் பார்க்க வேண்டாமா என்று மருமகள் கேட்டார். சோதனைப் பட்டைகள் கிடைக்கின்றன. நாக்பூரில் இருக்கும் மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே இந்த வேலைக்குக் கருவிப் பெட்டி உருவாக்கியது. கொட்டையின் தோலை நீக்கிப் பருப்பை நசுக்கி, கரைசலில் கலக்கி, பட்டையின் முனையை நனைத்தால் பத்து நிமிடத்தில் கோடு தெரியும். ஒரு கோடு என்றால் பட்டை வேலை செய்கிறது, அவ்வளவுதான். இரண்டாவது கோடும் விழுந்தால் பி.டி. புரதம் இருக்கிறது. அப்பத்தா வீட்டுத் திண்ணையில் மூன்று மூட்டையிலிருந்தும் கொட்டைகளை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தோம். மூன்று மூட்டையிலும் இரண்டாவது கோடு விழுந்தது. ஒவ்வொரு மூட்டையிலும் ஒன்றிரண்டு கொட்டைகளில் விழவில்லை.

விழாதவற்றைப் பார்த்ததும் மருமகளுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. ஆனால் கோடு விழாததற்குக் காரணம் வேறு. விவசாயி விதைப்பது கலப்பின விதை. அந்தச் செடி காய்த்துத் தரும் கொட்டை அடுத்த தலைமுறை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்த மரபணு, அடுத்த தலைமுறையில் நாலில் மூன்று பிள்ளைகளுக்குப் போகும், ஒன்றுக்குப் போகாது. ஒரே காய்க்குள்ளேயே பி.டி. உள்ள கொட்டையும் இல்லாத கொட்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஒரு கைப்பிடி எடுத்து அரைத்தால் எல்லாம் ஒன்றாகிவிடும்.

அப்புறம் அவரே ஒரு பட்டையை எடுத்து, குண்டானில் கொதித்துக்கொண்டிருந்த பாலை ஆற்றி அதில் நனைத்தார். இரண்டாவது கோடு விழவில்லை. "பாருங்க தம்பி, காய்ச்சுனா போயிருது. இப்ப இல்லைன்னு எழுதலாம்ல?"

நல்ல கேள்வி. கொதியில் புரதம் உருக்குலைகிறது. முட்டையின் வெள்ளைக்கரு திரைவதைப் போல. பட்டை அந்தப் பழைய உருவத்தைத்தான் தேடும், கிடைக்காது. ஆனால் மரபணு என்கிற டி.என்.ஏ. துண்டு துண்டாக உடைந்தாலும் அங்கேயே கிடக்கும். ஆய்வகத்தில் டி.என்.ஏ.வைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். சோதனை வைத்துப் பார்ப்பவர்கள் அதைப் பிடித்துவிடுவார்கள். காலிஃபிளவர் மொசைக் வைரஸிலிருந்து எடுத்த ஒரு சிறு தொடரைத்தான் முதலில் தேடுவார்கள். மரபணு மாற்றிய பயிர்கள் பலவற்றில் அது சாவி போல வைக்கப்பட்டிருக்கும். சுத்திகரித்த பருத்தியெண்ணெய் என்றால் புரதமும் இராது, டி.என்.ஏ.வும் இராது. கொழுப்பு மட்டும்தான். நாட்டில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் பருத்தியெண்ணெய் எடுக்கிறார்கள். குஜராத்தில் அதில் பொரித்துச் சாப்பிடும் வீடுகள் நிறைய. யாரும் கட்டம் நிரப்பச் சொன்னதில்லை. பருத்திப்பால் எண்ணெய் மாதிரி இல்லை. கொட்டையை முழுசாக அரைத்துப் பிழிவது அது.

குடிக்கலாமா, கூடாதா

இருபத்திரண்டு வருடமாக ஊருக்கே ஊற்றிக்கொடுப்பவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். "நான் என்ன வெசத்தையா கொடுத்துக்கிட்டு இருந்தேன்?"

இல்லை அப்பத்தா என்று உடனே சொன்னேன். ஏன் என்று அவருக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன். பி.டி. என்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. ஜப்பானில் 1901இல் பட்டுப்புழு நோயிலிருந்து அதைக் கண்டார்கள். ரசாயனம் தொடாத இயற்கை விவசாயிகள்கூட அந்த பாக்டீரியாவைத் தெளிப்பு மருந்தாகப் பயன்படுத்துவதுண்டு. அதன் புரதம் காய்ப்புழுவின் குடலில் மட்டும் வேலை செய்வதற்கு இரண்டு காரணங்கள். புழுவின் குடல் காரத்தன்மை கொண்டது, புரதம் அங்கேதான் கரைந்து கூர்மையாகும். கரைந்த புரதம் ஒட்டிக்கொள்ள, புழுவின் குடல் சுவரில் அதற்கென்றே ஒரு பிடிமானம் இருக்கிறது. நம் இரைப்பையில் அமிலம், பிடிமானமும் கிடையாது. சாதாரணப் பருப்புப் புரதம் மாதிரி செரித்துப் போகிறது. போதாததற்கு அப்பத்தா கொதிக்க வைத்தே ஊற்றுகிறார்.

அனுமதி கொடுக்குமுன் என்ன பார்த்தார்கள் என்றும் தேடிப் படித்தேன். பி.டி. பருத்திக்கொட்டையை ஆடு, பசு, எருமை, கோழி, மீன் ஆகியவற்றுக்குத் தின்னக் கொடுத்துச் சோதனை செய்திருக்கிறார்கள். கோளாறு ஒன்றும் காணவில்லை. எண்ணெயையும் பார்த்திருக்கிறார்கள். நான் படித்த பக்கங்களில் கொட்டையைப் பாலாக்கிக் குடிக்கும் மனிதர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. கால்நடை தாங்கியதை நாமும் தாங்குவோம் என்பது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எனக்கு அதில் பயமில்லை. ஆனால் ஒரு ஊரின் சாப்பாடு கோப்பில் இல்லாமலே போனது எப்படி என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இப்படி நழுவியது உலகத்தில் இது முதல்முறை இல்லை. அமெரிக்காவில் ஸ்டார்லிங்க் என்றொரு மக்காச்சோளம். அதிலும் பி.டி. புரதம்தான், ஆனால் வேறு வகை, செரிக்க நேரம் எடுப்பது. ஒவ்வாமை வரலாமோ என்ற சந்தேகத்தால் கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் அனுமதித்தார்கள். 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் அது மனிதர் தின்னும் டாக்கோ என்ற மக்காச்சோள அப்பளத்தில் அகப்பட்டது. கடை கடையாகத் திரும்ப எடுத்தார்கள். ஒவ்வாமை என்று புகார் சொன்னவர்களின் ரத்தத்தைச் சோதித்ததில் அந்தப் புரதத்துக்கு எதிரான அறிகுறி எதுவும் தெரியவில்லை. இருந்தாலும் பாடம் அரசாங்கத்துக்குப் புரிந்தது. மாட்டுக்கு மட்டும், மனிதருக்கு வேண்டாம் என்று பாதி அனுமதி தருவதை அத்தோடு விட்டார்கள். ஒரு மூட்டைக்குத் தான் தீவனமா சாப்பாடா என்று தெரியாது. ராமநாதபுரத்துப் பலசரக்குக் கடையில் அப்பத்தா வாங்கும் மூட்டையின் மேலும் 'கால்நடைத் தீவனம்' என்றே அச்சடித்திருக்கிறது.

புது மரபணுவால் ஒவ்வாமை வரவே வராது என்று பொதுவாகச் சொல்லிவிடவும் முடியாது. பிரேசில் கொட்டையின் புரதம் ஒன்றைச் சோயாவுக்குள் வைத்துப் பார்த்தார்கள். அந்தக் கொட்டைக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சோயாவும் ஒத்துக்கொள்ளாது என்று 1996இல் சோதனையில் தெரிந்து, கடைக்கு வராமலே அதைக் கைவிட்டார்கள். ஒவ்வொரு பயிரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான். மரபணு மாற்றம் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லாம் நல்லது என்றோ எல்லாம் நஞ்சு என்றோ மேடையில் பேசுகிறவர்களைப் பார்த்தால், மீன் நல்லதா கெட்டதா என்று கேட்பவர்களின் நினைவு வருகிறது. எந்த மீன்?

உண்மையான பயம் வேறு இடத்தில்

கொட்டையைப் பார்க்கப் போனவனுக்கு வேறு மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன. பருத்திப்பால் விற்கும் மற்றவர்களுக்கும் உபயோகப்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பருத்திக்கொட்டையில் இயற்கையாகவே காசிபால் என்ற நஞ்சு இருக்கிறது. செடி பூச்சியிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளத் தானே செய்துகொண்டது. மஞ்சள் நிறம், கொட்டைப் பருப்பைக் குறுக்கே வெட்டினால் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிவது அதுதான். மரபணு மாற்றாத நாட்டுப் பருத்தியிலும் உண்டு, நம் பாட்டி பூட்டி குடித்த பாலிலும் இருந்தது. சீனாவில் சில கிராமங்களில் சுத்திகரிக்காத பருத்தியெண்ணெயில் சமைத்தவர்களுக்குப் பிள்ளைப்பேறு தள்ளிப்போனதைக் கவனித்து, 1970களில் அதையே ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகச் சோதித்தார்கள். சிலருக்குப் பொட்டாசியம் குறைந்து தசை தளர்ந்தது, சிலருக்கு விந்தணு திரும்ப உண்டாகவே இல்லை. திட்டத்தைக் கைவிட்டார்கள். அசைபோடும் மாட்டின் வயிறு அதைக் கட்டுப்படுத்தும். கோழிக்குக் கொடுத்தால் முட்டையின் மஞ்சள்கரு நிறம் மாறும்.

அப்பத்தாவின் பக்குவம் இங்கேதான் என்னை அசத்தியது. இரவெல்லாம் ஊறல், ஊறிய நீரைக் கொட்டிவிட்டுக் கழுவுதல், சக்கையைத் துணியில் பிழிந்து எறிதல், அரிசி மாவோடு நெடுநேரம் காய்ச்சுதல். ஈரத்தோடு சூடு பட்டால் காசிபால் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வீரியம் இழக்கும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்த பக்குவம். மருமகளின் பொடியில் காய்ச்சும் நேரத்தைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள், எரிவாயுவை மிச்சம் பிடிக்க. அதை முதலில் மாற்றச் சொன்னேன்.

இதில் ஒரு வேடிக்கை. டெக்சாஸில் கீர்த்தி ராத்தோர் என்ற இந்திய வம்சாவளி விஞ்ஞானி, இலையிலும் தண்டிலும் காசிபாலை விட்டுவிட்டு, கொட்டையில் மட்டும் அதை அடக்கும் பருத்தியை மரபணு மாற்றத்தால் உருவாக்கினார். முதல் ஆய்வு 2006இல் வெளியானது. 2019இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதை மனிதர் உண்ண அனுமதித்தது. பருத்திக்கொட்டையை மனிதர் சாப்பிட வழி பிறந்துவிட்டது என்று அங்கே கொண்டாடினார்கள். அப்பத்தாவிடம் சொன்னேன். "இப்பத்தான் கண்டுபிடிச்சாகளா?" என்றார்.

இரண்டாவது, விதைப்புக்கென்று நிறமேற்றிப் பூச்சிமருந்து பூசி விற்கும் கொட்டை. விதைத்தது போக மிஞ்சிய பாக்கெட் எந்த மூட்டையிலும் கலக்கலாம். கமுதி மூட்டையில் சாயம் பூசிய கொட்டைகள் நாலைந்து கிடந்தன. மரபணுவைவிட ஆயிரம் மடங்கு அவசரமான ஆபத்து அது. அன்றைக்கே அந்த மூட்டையை ஒதுக்கினோம். மூன்றாவது பூஞ்சை. கடற்காற்று படும் ஊரில் சாக்கு மூட்டையைத் தரையில் போட்டு வைத்தால் அப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு வர அதிக நாள் வேண்டாம். பலகை போட்டு அடுக்கச் சொன்னேன். முளைவிட்டதும் கறுத்ததும் பொறுக்கி எறிய வேண்டும்.

மூன்றையும் எந்தப் படிவமும் கேட்கவில்லை.

எழுதினாலும் குற்றம், எழுதாவிட்டாலும்

சட்டத்துக்கு வருவோம். 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989இல் எழுதிய விதிகள்தான் மரபணு மாற்றுயிர்களுக்கு அடிப்படை. மத்தியில் ஒப்புதல் குழு, மாநிலத்தில் ஒரு குழு, மாவட்டத்தில் கலெக்டர் தலைமையில் ஒரு குழு என்று ஏட்டில் அடுக்கடுக்காக இருக்கிறது. உணவு வேறு கையில். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, விதிமுறை வகுத்து அனுமதிக்காமல் மரபணு மாற்றிய உணவை யாரும் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்கிறது. அதற்கான விதிமுறையின் வரைவை 2021இலும் திருத்திய வரைவை 2022இலும் வெளியிட்டார்கள். ஒரு சதவீதத்துக்கு மேல் இருந்தால் லேபிளில் எழுத வேண்டும் என்று அதில் ஒரு யோசனை. ஐரோப்பாவில் அந்த எல்லை 0.9 சதவீதம். இதற்கிடையே எடையளவுச் சட்டத்தின் பொட்டல விதியில் 2013 ஜனவரி முதல் ஒரு வரி இருக்கிறது. மரபணு மாற்றிய உணவு உள்ள பொட்டலத்தின் முகப்பில், மேலே, 'ஜி.எம்.' என்று அச்சிட வேண்டும்.

இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். மருமகள் பொட்டலத்தில் ஜி.எம். என்று எழுதினால் பொட்டல விதிப்படி சரி. ஆனால் அனுமதியில்லாத உணவை விற்கிறேன் என்று தானே எழுதிக் கொடுத்ததாகிவிடும். எழுதாவிட்டால் உணவுச் சட்டத்தில் தப்பிக்கலாம், பொட்டல விதியில் மாட்டலாம். விவரம் தெரிந்த அதிகாரி ஒருவரிடம் பெயர் சொல்லாமல் பொதுவாகக் கேட்டேன். "பருத்திப்பால்ல போய் இதையெல்லாம் யாருங்க பாக்கப் போறாங்க, விடுங்க" என்றார். அவர் சொன்னதுதான் நடைமுறை. நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் வெளிநாட்டுப் படிவத்தில் 'விடுங்க' என்று எழுத இடமில்லை.

இது பருத்தியோடு நிற்கப்போவதில்லை. காரங்காட்டு அலையாத்திக் காட்டில் நிற்கும் வெண்கண்டல் மரத்தின் மரபணுவை நெல்லுக்குள் வைத்து உப்பைத் தாங்கும் ரகம் உண்டாக்கும் வேலையைச் சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகள் செய்தது. நாம் வெட்டி வெட்டி அலுத்த சீமைக்கருவேலிலிருந்தும் வறட்சி தாங்கும் மரபணுவை எடுத்தார்கள். உப்புத் தண்ணீர் ஏறிய நம் வயலுக்கு இதைவிடப் பொருத்தமான ஆராய்ச்சி வேறென்ன என்று படிக்கும்போது எனக்கே ஆசையாக இருந்தது. அது வயலுக்கு வரவில்லை. அதற்குள் வேறொன்று முந்திக்கொண்டது. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1 என்ற நெல். எம்.டி.யு. 1010 என்ற பழைய நெல் ரகத்தின் சொந்த மரபணு ஒன்றைத் திருத்தி, வறட்சியையும் உப்பையும் தாங்க வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். வெளி மரபணு எதுவும் வைக்காததால், 2022 மார்ச் ஆணைப்படி 1989 விதிகளின் நீண்ட சோதனையிலிருந்து இந்த வகைக்கு விலக்கு. உவர் நிலத்தில் சொன்ன அளவு விளைச்சல் அரசின் சொந்தக் களச் சோதனை அறிக்கையிலேயே இல்லை என்று எதிர்ப்பாளர்கள் 2025 அக்டோபரில் குற்றம் சாட்டினார்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் மறுத்தது. திருவாடானைப் பக்கம் உவர் வயலில் அதைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். போட்டு விளைந்த அரிசியை மாவாக்கி அனுப்பும்போது அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்பதை இப்போதே யோசித்து வைப்பது நல்லது. அப்பத்தாவின் பாலில் சேரும் பச்சரிசி மாவும் அரிசிதானே.

கருங்கண்ணி

மருமகள் விடுவதாக இல்லை. பி.டி. இல்லாத கொட்டை கிடைத்தால் 'இல்லை' என்று நேர்மையாக எழுதலாம் அல்லவா? அங்கேதான் கருங்கண்ணி வந்தது. கோவில்பட்டி, கமுதி, முதுகுளத்தூர்க் கரிசலில் புரட்டாசி மழைக்கு விதைத்து வெறும் வானத்தை நம்பி வளர்த்த பழைய நாட்டுப் பருத்தி. இழை குட்டை, விளைச்சல் குறைவு, மில்காரர் வாங்கத் தயங்குவார். ஆனால் தண்ணீர் கேட்காது, பூச்சிக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும். கைத்தறிக்காரர்களுக்காகச் சிலர் இப்போது மறுபடியும் போடுகிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று. பி.டி. பருத்தி அமெரிக்க இனம், அதன் செல்லில் 52 குரோமோசோம்கள். கருங்கண்ணிக்கு 26. பக்கத்து வரப்பில் பி.டி. பூத்துக் குலுங்கினாலும், தேனீ மகரந்தத்தைக் கொண்டுவந்து கொட்டினாலும், கருங்கண்ணியில் அது எளிதில் பிடிக்காது, பிடித்தாலும் மலடாகும். மக்காச்சோளக்காரர்கள் வேலி போட்டு, தூரம் விட்டு, மகரந்தத்துக்குக் காவல் காக்கிறார்கள். இங்கே காவலை இயற்கையே வைத்திருக்கிறது.

கமுதிப் பக்கம் ஒரு விவசாயியிடம் சித்திரையில் கருங்கண்ணிப் பருத்தியை மொத்தமாக வாங்கினோம். பி.டி. ஓடும் மில்லில் கொட்டை பிரித்தால் கலந்துவிடும் என்று, கதருக்கு நூற்கும் சின்ன இடம் ஒன்றில் கொட்டை பிரித்தோம். பஞ்சை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். கொட்டை விலை மூட்டைக் கொட்டையைப் போல் இரண்டரை மடங்கு வந்தது. பட்டை வைத்துப் பார்த்தோம். ஒரு கொட்டையிலும் இரண்டாவது கோடு விழவில்லை. மருமகள் ஒவ்வொரு பட்டையையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டார். பொடி தயாரானது. ஆய்வகத்துக்கு அனுப்பினோம். கட்டணம் குழுவின் ஒரு மாத லாபத்தைத் தின்றது.

அறிக்கை வந்தது. வைரஸ் தொடர் கண்டறியப்பட்டது என்று இருந்தது. அளவு மிகச் சொற்பம்.

இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசவில்லை. விவசாயியைச் சந்தேகித்தோம், கதர்க்காரரைச் சந்தேகித்தோம், ஆய்வகத்தையும். கடைசியில் அப்பத்தாதான் கேட்டார். "எந்தக் கிரைண்டர்ல அரைச்சீக?" வண்டிப் பாலுக்குத் தினமும் மூட்டைக் கொட்டையை அரைக்கும் அதே கிரைண்டர். கல் குழவியின் பொரிப்பொரியான முகத்தில் நேற்றைய கொட்டை ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், எத்தனை முறை கழுவினாலும். வடிகட்டும் துணியும் அதே துணி. ஆய்வு செய்ய வந்த நான் கொட்டையின் பூர்வீகத்தைக் கமுதி வரை தேடிப் போனேன், அடுப்படியைப் பார்க்கவில்லை. இது என் தவறு, எழுதி வைக்கிறேன்.

பொடிக்கென்று தனிக் கிரைண்டர், தனித் துணி, தனி டிரம் வாங்கினார்கள். குழுக் கடனில்தான். வண்டிப் பாலுக்குப் பழைய மூட்டைக் கொட்டையே தொடர்கிறது. சாயக் கொட்டையைப் பொறுக்கி எறிந்து, பலகை மேல் அடுக்கி, முன்போல நெடுநேரம் காய்ச்சி. அதை நிறுத்தச் சொல்ல என்னிடம் காரணம் இல்லை. நானும் வாரம் இரண்டு நாள் அங்கேதான் குடிக்கிறேன். இரண்டாவது மாதிரியில் ஒன்றும் கண்டறியப்படவில்லை என்று அறிக்கை வந்தது.

இப்போது கட்டத்தை நிரப்ப வேண்டும். மருமகளும் நானும் உட்கார்ந்து எழுதினோம்: இந்தப் பொடி கருங்கண்ணி நாட்டுப் பருத்தியின் கொட்டையில் செய்தது, அந்த இனத்தில் மரபணு மாற்றம் இல்லை, தனி இயந்திரத்தில் அரைத்தது, ஆய்வக அறிக்கை இணைத்துள்ளோம், எங்கள் நாட்டில் மற்றப் பருத்தி பெரும்பாலும் மரபணு மாற்றியது என்பதால் சொற்பக் கலப்பு எப்போதாவது நேரலாம்.

படம் எடுத்துக் கீழக்கரைக்கு அனுப்பினார். பாய் ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டார்.

"தங்கச்சி, எல்லாம் சரிதான். ஆனா இவ்வளவு நீளமா எழுதுனா அந்தக் கட்டத்துல அடங்காதும்மா. 'இல்லை'ன்னு மட்டும் எழுதி அனுப்பிவிடு."

மருமகள் என்னைப் பார்த்தார். நான் கடைசி வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அதை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கட்டத்தில் 'இணைப்பைப் பார்க்கவும்' என்று எழுதி, அந்தத் தாளைப் பின்னால் ஊசி போட்டு அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. ஐம்பது கிலோவும் டிரம்மில் இருக்கிறது.